பாரதி வீட்டில் மாலை போடும் இரண்டு நாள் போக மீதி 363 நாள் என்ன நடக்கலாம்?

கரிசல்மண் (இழையைத் தொடங்கியவர்)

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் வாத்தியார். வருடம் ஒருமுறை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை எட்டயபுரம் கூட்டிப்போவேன். பஸ் ஏறினால் அரை மணி நேரம். பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, உமறுப் புலவர் நினைவிடம் எல்லாம் ஒரே ஊரில். சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு போனால் ஒரு பகலில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

2025 மார்ச்சில் பிறந்த வீட்டு மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்ததே, அந்தச் செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் பதறுவார்கள் என்று நினைத்தேன். பின்வரிசைப் பையன் ஒருத்தன் சாவகாசமாகச் சொன்னான், "ஆள் இல்லாத வீடு விழத்தான சார் செய்யும். எங்க தாத்தா வீடும் அப்படித்தான் போச்சு."

அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். செப்டம்பர் 11, டிசம்பர் 11 இரண்டு நாளும் மாலை, மைக், பேச்சுப் போட்டி. மற்ற நாளில் யாராவது வந்தால் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். என் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, உள்ளே உட்கார்ந்து செய்ய ஒன்றும் இல்லையே. அந்தத் தெருப் பிள்ளைகள் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்கிற இடமாக ஒரு கவிஞர் வீடு ஏன் இருக்கக் கூடாது? ஊர்ப் பெண்கள் கூடி வாசிக்க, பாட, சண்டை போட ஏன் இருக்கக் கூடாது? நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முட்டுச்சந்து

வாத்தியார் ஐயா, நினைவில்லம் வேறு, டியூஷன் வீடு வேறு. நாற்பது பிள்ளைகள் தினமும் ஓடியாடினால் தரை என்ன ஆகும், கதவு நிலை என்ன ஆகும்? அரும்பொருள் காணாமல் போனால் யாரைக் கேட்பது? கர்நாடகத்தில் குப்பளியில் கன்னடக் கவிஞர் குவெம்பு வீட்டுக்குள் 2015இல் திருடர் புகுந்து பத்ம விருதையே தூக்கிக்கொண்டு போனார்கள். அது அறக்கட்டளை வைத்து நன்றாகப் பராமரிக்கிற மலைநாட்டு வீடு. அங்கேயே அந்தக் கதி.

கொத்துக்கரண்டி

முட்டுச்சந்து அண்ணே, குப்பளித் திருட்டு ஆள் நடமாட்டத்தால் நடந்ததில்லை. அது உங்கள் கட்சிக்கு உதவாது.

நான் கொத்தனார் மகன், இப்போது பழைய கட்டடம் மட்டும் எடுத்துச் செய்கிறேன். ஆள் இல்லாத வீடு விழும் என்று அந்தப் பையன் சொன்னது பழமொழி மாதிரி இருந்தாலும் அதில் கட்டட வேலை இருக்கிறது. விளக்கமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மேலே பலது மட்டப்பா, அதாவது கட்டைக்குத்துத் தளம். தேக்கு உத்திரத்தின் மேல் கட்டைகள், அதன் மேல் சின்னச் செங்கலைக் குத்தாக நிறுத்திச் சாய்வு வரிசையாகச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் அதில் சேரும். கடைசியில் தட்டை ஓடு பதிப்பார்கள். இது நூறு வருடம் தாங்கும், ஒரே ஒரு நிபந்தனை. தண்ணீர் தேங்கக் கூடாது.

தண்ணீர் எப்போது தேங்கும்? மழைநீர் போகிற தூம்புவாயில் இலை அடைக்கும்போது. குடியிருக்கிற வீட்டில் வத்தல் காயப்போட மாடிக்குப் போகிற ஆத்தா அந்த இலையைக் காலால் தள்ளிவிட்டு வருவாள். அவ்வளவுதான் பராமரிப்பு! பூட்டிய வீட்டில் இலை மக்கி, அதில் அரச விதை விழுந்து, வேர் விரிசலுக்குள் இறங்கும். உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்குமே, அந்த இடம்தான் முதலில் ஊறி அழுகும். அது வெளியே தெரியாது. கரையானுக்கு மட்டும் தெரியும். அப்புறம் ஒரு நாள் சத்தம் கேட்கும்.

இன்னொன்று சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும், உள்ளே ஏறிய ஓதம் காற்றில் வெளியேறிவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசி எமல்ஷன் அடித்தால் பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், ஓதம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் பூச்சு பொரிந்து உப்புப் பூக்கும், செங்கல் மாவாக உதிரும். ஒரு பழைய வீட்டில் (எந்த ஊர், யார் வீடு என்று சொல்ல மாட்டேன்) திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். வேறு ஆள் வந்து பூசினார். மூன்றாம் வருடம் அதே சுவரைச் சுரண்ட என்னையே கூப்பிட்டார்கள்.

ஆகவே பிள்ளைகள் ஓடினால் தரை தேயும் என்பது சரி. செம்பூச்சுத் தரை தேய்ந்தால் மெழுகிக்கொள்ளலாம். உத்திரம் போனால் வீடே போச்சு.

அல்லிக்கேணி

கொத்துக்கரண்டி, அருமை. தூம்புவாய்ப் பகுதியை எங்கள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், உடனே மாடிக்கு ஏறிவிட்டார்.

நான் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவன், அதனால் எனக்கு இந்தப் பேச்சில் இரண்டு வீடு ஞாபகம் வரும். ஒன்று துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசியாக வாழ்ந்து 1921இல் இறந்த வீடு. அதை 1993இல் அரசு வாங்கி நினைவில்லம் ஆக்கியதால் நிற்கிறது. இன்னொன்று பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த உ.வே.சா. வீடு. ஏட்டுச் சுவடிகளை விரித்து வைத்துக்கொண்டு அவர் பதிப்பு வேலை பார்த்த வீடு. கும்பகோணம் கல்லூரியில் தன் வேலைக்கு இவரைச் சிபாரிசு செய்த தியாகராச செட்டியார் ஞாபகமாக அதற்குத் தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்திருந்தார். சொந்த வீட்டுக்கு இன்னொருத்தர் பெயர்! 2012இல் இடித்துவிட்டார்கள். அவர் கவிஞர் இல்லை, தெரியும். ஆனால் சங்கக் கவிஞர்கள் பாதிப் பேருக்கு அதுதான் வீடு.

ஒன்று மட்டும் நியாயமாகப் பேச வேண்டும். இடித்தவர்களைத் திட்டுவது சுலபம். திருவல்லிக்கேணியில் நாலைந்து தலைமுறைப் பங்காளிகள் சேர்ந்த ஒரு பழைய வீட்டை வைத்துக்கொண்டு வரி கட்டி, ஒழுகலை அடைத்து, விலை பேச வரும் பில்டர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வீட்டைக் காப்பாற்று என்று ஊர் சொல்லலாம், செலவில் பங்கு கொடுக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் குடும்பத்தால் நின்று கேட்க முடியும்.

முட்டுச்சந்து

இதைத்தான் நானும் சொல்கிறேன். முதலில் நிற்கட்டும், அப்புறம் பாட்டுக் கச்சேரி.

பெரியவாய்க்கால்

புதுச்சேரியிலிருந்து.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு, மன்னிக்கவும். 1908இலிருந்து 1918 வரை பத்து வருடம் பாரதி இங்கேதான். குயில் பாட்டு, கண்ணன் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் இங்கே வந்தவை. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு இப்போது அருங்காட்சியகமும் ஆய்வு மையமும். அங்கிருந்து நடந்தே பெருமாள் கோயில் தெருவுக்குப் போனால் 95ஆம் எண்ணில் பாரதிதாசன் வீடு, அதுவும் அரசு நினைவில்லம். குரு வீட்டிலிருந்து சீடன் வீட்டுக்கு நடந்து போக முடிகிற ஊர்.

ஆனால் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். குயில் பாட்டு வந்தது வீட்டிலிருந்தா? முத்தியால்பேட்டைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணசாமி செட்டியாரின் மாந்தோப்பிலிருந்து. வீட்டைக் காப்பாற்றி மரத்தை விட்டுவிட்டால் கதையில் பாதிதான் காப்பாற்றியிருக்கிறோம். என்னைக் கேட்டால் தெருவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டு முற்றத்தில் வெயில் எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு, கடற்கரைக்கு அவர் நடந்த வழியில் பிள்ளைகளை நடக்கவிட வேண்டும். அதற்குக் கட்டடச் செலவே கிடையாது, வழி தெரிந்த ஒரு ஆள் போதும்.

வாடகைப்பாக்கி

எனக்கு ஒரு சந்தேகம். பாரதி வீடு, பாரதி வீடு என்கிறோமே, அவருக்கு என்று சொந்தமாக ஒரு வீடு இருந்ததா? புதுச்சேரியிலும் வாடகை, திருவல்லிக்கேணியிலும் வாடகை. காணி நிலமும் பத்துப் பன்னிரண்டு தென்னை மரமும் கேட்டவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. நாம் காப்பாற்றுவது செட்டியார் வீடுகளையும் ஐயர் வீடுகளையும் இல்லையா? சும்மா கேட்டேன், அடிக்க வராதீர்கள்.

அரிசிமூட்டை

அடிக்க மாட்டேன், ஆனால் இந்தக் கேள்வியை வேறு பக்கம் திருப்புகிறேன்.

அந்த வாடகை வீடுகளை நடத்தியது யார்? செல்லம்மா. கடன் வாங்கி வந்த அரிசியைக் குருவிக்கு வாரி இறைத்த கதையை எல்லோரும் கவிஞரின் கருணைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது அடுப்படிக் கதை. அன்று மத்தியானம் என்ன சமைத்தார், யாரிடம் மறுபடி போய் நின்றார் என்று எந்தப் பேச்சுப் போட்டியிலும் எந்தப் பிள்ளையும் பேசியதில்லை. கவிஞர் இறந்த மறுவருடமே பாரதி ஆசிரமம் என்று ஆரம்பித்து அவர் பாட்டுகளைப் புத்தகமாகக் கொண்டுவந்ததும் அவர்தான்.

நினைவில்லத்தில் நாம் பார்ப்பது முன்னறை, தலைப்பாகை, மீசை. சமையலறை எது, கிணறு எது, தங்கம்மாவும் சகுந்தலாவும் எங்கே தூங்கினார்கள் என்று காட்டுகிற ஒரு பலகை இருந்தால் போதும், என் மாதிரி ஆட்கள் பத்து நிமிடத்தில் வெளியே வர மாட்டோம். கரிசல்மண் சார், பெண்கள் கூடி வாசிக்கிற இடம் வேண்டும் என்றீர்களே, அடுப்படியிலிருந்து ஆரம்பியுங்கள்.

கரிசல்மண்

அரிசிமூட்டை அம்மா, இதை நான் யோசிக்கவே இல்லை. ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். அடுத்த தடவை இந்தக் கேள்வியோடுதான் கூட்டிப்போவேன்.

வாடகைப்பாக்கி தம்பிக்கு: யார் பெயரில் பத்திரம் இருந்தது என்பது முக்கியமா? காசியில் அனுமான் காட் வீடு அத்தை வீடு. படிக்கப் போன பையன் தங்கிய வீடு, அவ்வளவுதான். அங்கே இன்றும் அந்தக் குடும்பத்தார் குடியிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் ஒரு அறையை மட்டும் தமிழ்நாடு அரசு நினைவிடமாகத் திறந்தது. ஒரு பக்கம் பாரதி சிலை, சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். தூம்புவாயில் இலையைத் தள்ள ஆள் இருக்கிறதே!

தேம்ஸ்கரை

லண்டனில் இருபது வருடமாக இருக்கிறேன். வாடகை வீடு என்றதும் எழுதத் தோன்றியது.

ஹாம்ஸ்டெட்டில் ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் வீடு என்று ஒன்று இருக்கிறது. அவருக்கும் அது சொந்தமில்லை. நண்பர் வீட்டில் பணம் கொடுத்துத் தங்கியிருந்தார், 1818 கடைசியிலிருந்து 1820 வரை இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை. அந்த வீட்டுத் தோட்டத்து பிளம் மரத்தடியில் உட்கார்ந்து நைட்டிங்கேல் பறவை மேல் பாட்டு எழுதினார். புதுச்சேரிக்காரர் குயில் தோப்பு என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம். நூறு வருடம் கழித்து அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் வசூல் செய்தார்கள், அமெரிக்காவிலிருந்தெல்லாம் பணம் வந்தது. 1925இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. 1931இல் அதே வளாகத்தில் பக்கத்திலேயே ஒரு கிளை நூலகம் கட்டினார்கள். வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் கடிதமும் தலைமுடியும் இருக்கும், தொடக் கூடாது. பத்தடி தள்ளி நூலகத்தில் குழந்தைகள் தரையில் படுத்துக்கொண்டு கதை கேட்பார்கள். பின்னால் நகராட்சியால் நூலகத்தை நடத்த முடியாமல் போனபோது 2012இல் அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டார்கள், இப்போது தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். என் மகள் அங்கே படம் வரைந்து வளர்ந்தவள். கீட்ஸ் யார் என்று பதினோரு வயதில்தான் அவளுக்குத் தெரியும், அந்தத் தோட்டத்தை மூன்று வயதிலிருந்தே தெரியும்.

முட்டுச்சந்து சாருக்கும் வாத்தியாருக்கும் சண்டையே வேண்டியதில்லை. தொடக் கூடாத அறை ஒன்று, தொட்டே ஆக வேண்டிய அறை ஒன்று.

நிளாக்கரை

கேரளத்தில் திரூர் துஞ்சன் பறம்பு போய்ப் பாருங்கள். மலையாளக் கவிஞர் எழுத்தச்சன் வாழ்ந்த மண் என்கிறார்கள், வீடு என்று ஒன்றும் இல்லை. ஒரு எட்டி மரம், மண்டபம், நூலகம். விஜயதசமிக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் எழுத்தை அங்கேதான் எழுதவைப்பார்கள். எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் பல காலம் அதற்குத் தலைவராக இருந்தார். வீடே இல்லாமல் ஊர் முழுக்க வந்து போகிறது. வீடு இருந்தும் நாம் வெளியே நிற்கிறோம்.

முட்டுச்சந்து

தேம்ஸ்கரை சொன்ன இரண்டு அறை விஷயத்துக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இந்த மன்றத்தில் இது இரண்டாவது தடவை.

ஆனால் நடத்துவது யார்? நம் மாநிலத்தில் நினைவில்லங்களையும் மணிமண்டபங்களையும் பார்த்துக்கொள்வது செய்தி மக்கள் தொடர்புத் துறை. அருங்காட்சியகத்துக்கு ஒரு துறை, நூலகத்துக்கு ஒரு துறை தனித்தனியாக இருக்க, கவிஞர் வீடு விளம்பரத் துறையிடம். அப்படி இருந்தால் மாலை போடும் நாள்தான் பெரிய நாளாக இருக்கும். அவர்கள் வேலை அது, தப்புச் சொல்ல முடியாது. உள்ளே ஒரு கிளை நூலகத்தை வைக்க நூலகத் துறையையும் சேர்த்தால் ஆளும் வருவார், தினசரிப் பத்திரிகையும் வரும், காலையில் எட்டு மணிக்குக் கதவும் திறக்கும்.

அல்லிக்கேணி

ஈரோடு கருங்கல்பாளையம் நூலகத்தை மறந்துவிடாதீர்கள். பாரதி 1921இல் மனிதனுக்கு மரணமில்லை என்று பேசிய இடம். திரும்பி வந்த கொஞ்ச நாளில் இறந்துவிட்டார். கடைசி நாட்களில் அவர் பேசப் போனது ஒரு நூலகத்துக்கு. நூலகம் வைக்க இதைவிட வேறு சிபாரிசு வேண்டுமா?

பணம் பற்றியும் ஒன்று. எட்டயபுரம் மணிமண்டபம் வாசகர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தது. கல்கி தன் பத்திரிகையில் கேட்டார், சனங்கள் கொடுத்தார்கள், 1947இல் ராஜாஜி திறந்தார். 1949இல் ஓமந்தூரார் அரசு பாரதி எழுத்தின் உரிமையை வாங்கியது, அப்புறம் அது எல்லோருக்கும் பொது. படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் தன்னிடமிருந்த ஒலிபரப்பு உரிமையைக் காசு வாங்காமல் கொடுத்தார். பாட்டு பொதுச்சொத்து ஆகி முக்கால் நூற்றாண்டு ஆகிறது, வீட்டு வாசலில் மட்டும் இன்னும் விருந்தாளி மாதிரி நிற்கிறோம்.

வாடகைப்பாக்கி

சரி, சும்மா கேட்ட கேள்விக்கு இவ்வளவு பதில். ஒத்துக்கொள்கிறேன், செட்டியார் வீடானாலும் காப்பாற்றலாம்.

கொத்துக்கரண்டி

நூலகம் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தகம் பாரம். பழைய கட்டைத் தளத்தின் மேல் மாடியில் இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்திவிடாதீர்கள், கீழ்த் தளத்தில் வையுங்கள். அலமாரியைச் சுவரில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், ஓதம் புத்தகத்தில் ஏறாது. ஏசி வேண்டாம். ஜன்னலைத் திறந்தாலே போதும், அந்த வீடுகளை அதற்காகத்தான் கட்டினார்கள். கழிப்பறையைப் பழைய சுவரை ஒட்டிக் கட்டாமல் கொல்லைப்புறம் தனியாகக் கட்டுங்கள். பாதி வீடுகள் கெடுவது புதுக் குழாய் கசிந்துதான்.

அரிசிமூட்டை

கழிப்பறை என்று எழுதிய முதல் ஆண்மகன். வாழ்க.

கரிசல்மண்

எல்லோருக்கும் நன்றி. எட்டயபுரத்தில் அரசு வீட்டுக்குள் நான் போய் அலமாரி வைக்க முடியாது, அதற்கு மனு எழுதலாம், எழுதுகிறேன். முட்டுச்சந்து அண்ணாச்சி சொன்னதையே முதல் பத்தியாக வைக்கிறேன், நூலகத் துறையையும் சேர்க்கச் சொல்லி. பிள்ளைகளும் கையெழுத்துப் போடட்டும்.

அதுவரை கைகட்டி நிற்கவும் பிடிக்கவில்லை. எங்கள் ஊரிலேயே ஒரு பழைய நாடகப் பாட்டு வாத்தியார் வீடு இருக்கிறது. பெரிய பெயர் இல்லை, ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவர் பேத்திதான் இருக்கிறார், எழுபது வயது, தனியாள். திண்ணையைச் சனிக்கிழமை சாயங்காலம் கொடுப்பீர்களா என்று நேற்றுப் போய்க் கேட்டேன். "பிள்ளைங்க வந்தா நல்லதுதான், ஆனா மேலே ஒழுகுது, அதை யாராச்சும் பாத்தா பரவாயில்லை" என்றார்.

கொத்துக்கரண்டி, இந்தப் பக்கம் எப்போதாவது வருவீர்களா?

கொத்துக்கரண்டி

பதினெட்டாம் தேதி சாத்தூரில் ஒரு வேலை. முடித்துவிட்டு வருகிறேன். ஏணி மட்டும் ஏற்பாடு பண்ணி வையுங்கள் அண்ணாச்சி. அதுவரை அந்த அம்மா யாரையும் சிமெண்ட் பூசவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.